ரன், ஓடு, ஓட்டை: பல பொருள் தரும் ஒரு சொல்லை மூளை எப்படிப் பிரிக்கிறது?

‘ரன் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நூற்றுக்கணக்கில் பொருள் இருக்கிறதாமே, பேசுகிறவர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்கள்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எண்ணிக்கை உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது. 2011-இல் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஆறு ஓடுவது ரன், மூக்கு ஒழுகுவது ரன், கம்பெனி நடத்துவதும் ரன். தேர்தலில் நாம் நிற்போம், அமெரிக்கர் ஓடுவார்கள், அதுவும் ரன்தான்.

ஆங்கிலம் குழப்ப மொழி, தமிழில் ஒவ்வொரு சொல்லும் துல்லியம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ‘ஓடு’ பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். மோட்டார் ஓடும், படம் ஓடும், பொழுது ஓடும். எந்த மொழியிலும் அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம். 1945-இல் அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் இதற்கு ஒரு கணக்கே சொன்னார்: புழக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் பொருள் கூடும். ஒரு சொல் நூறு மடங்கு அதிகம் புழங்கினால் பொருள் ஏறத்தாழ பத்து மடங்கு.

எங்கே ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரண்டையும் ஒரே வினையில் கட்டிப் பாருங்கள். ‘குதிரையும் நாயும் ஓடின’ இயல்பாக இருக்கிறது. ‘குதிரையும் படமும் ஓடின’ என்றால் சிரிப்பு வருகிறது. அங்கே பொருள் பிரிந்துவிட்டது. ஆனாலும் இவை ஒரே வேரின் கிளைகள். கூரை ஓடு கதை வேறு, அதற்கும் ஓட்டத்துக்கும் உறவே இல்லை. இந்த வேறுபாடு மூளைக்கும் தெரிகிறது. ‘இது உண்மையான சொல்லா, இல்லையா’ என்று பட்டனை அழுத்தச் சொன்னால், உறவுள்ள பல பொருள் கொண்ட சொற்களுக்கு விடை விரைவாக வரும், உறவில்லாத பொருள்கள் கொண்டவற்றுக்குத் தாமதமாகும் என்று 2002-இல் ஜென்னி ராட் குழுவினர் காட்டினார்கள்.

அழகான பரிசோதனை என்றால் அது உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979-இல் வெளியிட்டதுதான். அவர் எடுத்த சொல் ‘பக்’. ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். ஹெட்போனில் ஒரு வாக்கியம் போகிறது: அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான் இன்னும் பல ‘பக்’குகளைக் கண்டான். சொல் காதில் விழுந்து முடிந்த கணத்தில் திரையில் ஓர் எழுத்துத்தொகுதி வருகிறது. அது சொல்லா இல்லையா என்று பட்டனை அழுத்த வேண்டும். திரையில் வருவது ‘எறும்பு’ என்றால் விடை சீக்கிரம் வரும், அதில் வியப்பில்லை. ‘உளவாளி’ என்று வந்தாலும் அதே வேகம்! சம்பந்தமில்லாத ‘தையல்’ வந்தால் மட்டுமே தாமதம். சிலந்தி, கரப்பான் என்று அத்தனை குறிப்பு கொடுத்தும் உளவாளி உள்ளே வந்துவிட்டான். திரைச்சொல்லை மூன்று அசை தள்ளிக் காட்டினால், அதாவது ஒரு நொடிக்குள், எறும்பு மட்டும் நிற்கிறது, உளவாளியின் சுவடே இல்லை. எல்லாப் பொருளும் ஒருசேர எழுந்து வர, பொருந்தாதது அடுத்த நொடிக்குள் அடங்கிவிடுகிறது. அடங்கியது நம் கவனத்துக்கே வருவதில்லை. அதனால்தான் குழப்பமும் தெரிவதில்லை.

இதை வடிவமைப்பதில் சறுக்க இடம் நிறைய. மூன்று திரைச்சொற்களும் நீளத்திலும் புழக்கத்திலும் சமமாக இல்லாவிட்டால் பொருளின் விளைவுக்குப் பதில் சொல்லின் பழக்கத்தை அளந்துகொண்டிருப்போம். வாக்கியத்துக்கும் திரைச்சொல்லுக்கும் உறவு இருக்கிறது என்று பங்கேற்பவர் ஊகித்துவிட்டால் எல்லாம் போச்சு; ஆகவே உறவில்லாத ஜோடிகளை இடையிடையே நிறையக் கலக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு ஹெட்போன், ஒரு திரை, மில்லிநொடி காட்டும் கடிகாரம். இதற்கும் நிதி கேட்டால் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கிறவர்களை என்ன சொல்ல!

தமிழில் இதைச் செய்ய நினைப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. உருபோ விகுதியோ ஏறியதும் சொல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வினை ‘ஓடி’, ‘ஓடினான்’ என்று போகும். கூரை ஓடு ‘ஓட்டில்’, ‘ஓட்டை’ என்று இரட்டிக்கும். ஆனால் இந்த ‘ஓட்டை’ வேறு வம்புகளை இழுத்துவரும். ‘ஓட்டை போட்டான்’ என்றால் துளை. ‘ஓட்டைப் போட்டான்’ என்றால் வாக்கு. எழுத்தில் ஒரு ப் காப்பாற்றுகிறது, வேகமான பேச்சில் அதுவும் தேய்ந்துபோகும்.

மரபுத்தொடர்களில் கணக்கு மாறுகிறது. ‘கையும் ஓடல, காலும் ஓடல’ என்பதில் எந்தக் கையும் எங்கும் ஓடுவதில்லை. முழுத்தொடரும் ஒரே சொல்போல மனதில் சேமிக்கப்படுகிறது என்பது ஸ்வின்னியும் ஆன் கட்லரும் அதே 1979-இல் முன்வைத்த கருத்து. ஆனால் இது எல்லாத் தொடருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை; தொடரைச் சற்று அசைத்தால் புரியும். ஆங்கிலத்தில் ‘வாளியை உதைத்தான்’ என்றால் செத்தான் என்று பொருள். ‘வாளி அவனால் உதைக்கப்பட்டது’ என்றதும் சாவு மறைந்து வெறும் வாளிதான் மிஞ்சும். ‘பீன்ஸ் விதைகளைக் கொட்டினான்’ என்றால் ரகசியத்தை உடைத்தான். அதைச் செயப்பாட்டு வினையாக்கினாலும் ரகசியம் உடைந்தபடியே இருக்கும், ஏனென்றால் அங்கே விதைக்கு ரகசியம், கொட்டுவதற்கு வெளியிடுவது என்று பங்கு பிரிந்திருக்கிறது. வாளிக்கு அப்படி ஒரு பங்கும் கிடையாது.