டிட்ரூசர்: உந்துதசை

வன்னியில் ஆடு வளர்ப்பவர்கள் அறிந்த காட்சி இது. நலமடித்த கிடாய் பின்னங்கால்களை அகட்டி, முதுகை வளைத்து, வாலை அடித்துக்கொண்டு முக்கும்; விழுவதோ இரண்டு துளிதான். சலக்குழாயில், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாயில், கல் சிக்கியிருக்கும். ‘கிடாய்க்குச் சலம் அடைச்சுப்போச்சு’ என்பார்கள். அடைப்புக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. அதனோடு மல்லுக்கட்டும் தசைக்குத்தான் வீட்டுப் பேச்சில் பெயரில்லை. மருத்துவ நூல்கள் அதை ‘டிட்ரூசர்’ என்கின்றன.

‘ட்ரூடெரே’ என்னும் இலத்தீன் வினைக்குத் தள்ளுதல் என்று பொருள்; ‘டி’ என்னும் முன்னொட்டு கீழே, அப்பால் என்ற பொருளைச் சேர்க்கிறது. எனவே டிட்ரூசர் என்பது அப்பால் தள்ளுவது, அதாவது சலப்பையின் சுவராகவே அமைந்து, சுருங்கிச் சலத்தை வெளியேற்றும் தசை. இதைத் தமிழில் ‘சலப்பைச் சுவர்த்தசை’ என்றால் இடம் தெரியும், தொழில் தெரியாது. ‘முக்குதசை’ என்பதும் பொருந்தாது. முக்குவது நாம் விரும்பி இறுக்கும் வயிற்றுத்தசை, இதுவோ நம் விருப்பப்படி நேரே இயங்காத மழமழப்பான தசை. ‘உந்துதசை’ என்பதே என் தெரிவு.

இத்தசை அடைப்பின்போது படும் பாட்டை எலி, முயல், பன்றி ஆகியவற்றில் ஆராய்ந்திருக்கிறார்கள். எலியின் சலக்குழாயோடு மெல்லிய கம்பியொன்றைச் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒன்றாக நூலால் கட்டி, பிறகு கம்பியை மட்டும் உருவிவிடுவார்கள். குழாய் முழுவதும் மூடாமல் ஒடுங்கிவிடும். சில வாரங்களில் சலப்பை பல மடங்கு எடை கூடுகிறது. முதலில் உந்துதசை தடித்து அடைப்புக்கு ஈடுகொடுக்கிறது. அடைப்பு நீடித்தால், குருதியோட்டம் குறைந்து, நரம்பிழைகள் அழிந்து, தசைக்கட்டுகளுக்கிடையே நார்ப்பொருள் படிந்து, சுருங்கும் வலு தளர்கிறது. முதல் நிலையை ‘ஈடுகொடுத்தல்’ என்றும் பின்னையதை ‘ஈடுகொடாமை’ என்றும் சொல்லலாம். மல்யுத்தத்திலும் கடனிலும் புழங்கிய சொல் இங்கே அப்படியே பொருந்துவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கட்டை அவிழ்த்த பின் சில சலப்பைகள் தேறுகின்றன, சில தேறுவதில்லை. எலிக்கு அடைப்பு ஒரே நாளில் வருகிறது, சுக்கியன் (புரோஸ்டேட்) சுரப்பி வீங்கிய முதியவருக்கோ ஆண்டுக்கணக்கில் வருகிறது என்பதை மறந்து இம்முடிவுகளை அப்படியே மனிதருக்கு ஏற்றிவிடக் கூடாது.

‘சலம்’ என்பது நீரைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். ‘சலம் பூவொடு தூபம்’ என்று அப்பர் பாடியது வழிபாட்டுக்குரிய நீரை. ஈழத்தில் அது சிறுநீரைக் குறிக்கிறது. தமிழ்நாட்டிலோ புண்ணில் வரும் சீழையும் சலம் என்பார்கள். ஆகவே பொது நூலில் ‘சிறுநீர்ப்பை உந்துதசை’ என்றே எழுத வேண்டும். கிளிநொச்சியில் நோயாளியின் கட்டிலருகே நின்று பேசும்போது, ‘ஐயா, உங்கட சலப்பையின்ர உந்துதசை களைச்சுப்போச்சு, அதாலதான் போன பிறகும் சலம் மிச்சம் நிக்குது’ என்றால் அவருக்கு விளங்கும்.