வாய்க்கால் வெட்டியதும் திரும்பி வந்த காடு

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் ஓடையின் இரு கரையிலும் அடர்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் கரையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நடந்திருந்தால் வேறொன்றைப் பார்த்திருப்பார்கள். மரமே இல்லாத பொட்டல், வெடித்துக் கிடக்கும் சேறு, அதன்மேல் வெள்ளையாகப் பூத்த உப்பு, அங்கங்கே உப்பு மண்ணிலும் வளரும் உமரிச் செடி. கரையோரம் பச்சை, நடுவில் மொட்டை. காவிரி டெல்டாவின் வடகோடியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 எக்டேரில் இருக்கிறது இந்த அலையாத்திக் காடு. தென்கோடியில் முத்துப்பேட்டையிலும் அன்று இதே நிலைமைதான் இருந்தது.

இதற்குப் பழி ரொம்ப காலம் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் மேல் விழுந்தது. விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்றார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மண்ணையும் தண்ணீரையும் பழைய வனப் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டில் கூப்பு போட்டு மரம் வெட்டினார்கள். காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் இருக்கும் மரங்களை மொத்தமாகச் சாய்ப்பது, அது தானாக முளைத்து வரட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கூறுக்குப் போவது. மலைக்காட்டில் இது ஓரளவு எடுபடலாம். இங்கே எடுபடவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

அலையாத்தி மண் கெட்டியான மண் இல்லை. ஈரமும் வேர்களும் மக்கிய இலையும் சேர்ந்து ஊதிப்போய் நிற்கும் சேறு. மரத்தின் நிழல் இருக்கும்வரை ஈரம் நிற்கும். மரத்தை மொத்தமாக எடுத்தால் வெயில் நேராக மண்ணில் விழுகிறது. ஈரம் போகிறது, செத்த வேர்கள் மக்கிப் போகின்றன, மண் அமுங்குகிறது. சில அங்குலம் இறங்கினாலே போதும், அந்த இடம் விளிம்பு உயர்ந்த தாம்பாளம் மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கரையில் கடல் ஏறி வற்றும் உயரம் ரொம்பக் குறைவு, ஒரு மீட்டருக்கும் கீழே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஏறும்போது விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துக்குள் வந்துவிடும். வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த முறை ஏறும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தப் பள்ளங்களின் மண்ணில் கோடையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. உப்பை இலை வழியாகவே வெளியேற்றத் தெரிந்த வெண்கண்டல் மரத்தின் கன்றுகூட அதில் பிழைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை மிதந்து வந்து முளைக்கும். பங்குனிக்குள் கருகிவிடும். ஓடைக்கரையில் மட்டும் காடு மிஞ்சியதற்குக் காரணமும் இதுதான், அங்கே தண்ணீர் தினமும் வந்து தினமும் திரும்பிப் போகிறது.

அப்படியானால் செடி நடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, தேங்கிய தண்ணீருக்கு வழி விடுவது. ஓடையிலிருந்து பொட்டலுக்குள் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போலவே இருக்கும் என்பதால் மீன்முள் வாய்க்கால் என்று பெயர். குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் ஏறும் தண்ணீர் தடையில்லாமல் உள்ளே திரும்பும், வற்றும்போது அதே வழியில் இறங்கும். வாய்க்காலின் மேல்வாய் அகலம், அடி குறுகல். சரிந்து வரும் அந்தப் பக்கச் சுவரில், பாதி உயரத்தில், கன்றை நடுவார்கள். கீழே நட்டால் மூழ்கிப் போகும், மேலே நட்டால் காயும். ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் மூச்சு விடக்கூடிய இடம் அந்தப் பாதி உயரம்தான்.

தண்ணீர் போய் வரத் தொடங்கியதும் மண்ணிலிருந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டது. வனத்துறையும் ஊர்க்குழுக்களும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, 1980களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கத்துக்குள் பிச்சாவரத்தில் மரம் நிற்கும் பரப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடியிருந்தது. 2022ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் பிச்சாவரம் சேர்ந்தது.

இந்தக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போகிறவர்கள் இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவை என்று அரசு தனியாக வகைப்படுத்திய ஆறு பழங்குடிகளில் இவர்களும் உண்டு. கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருக்கிற குடும்பங்களுக்குக் காடு என்றால் இறாலும் நண்டும்.

அவர்கள் இறால் பிடிக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சில சமயம் தாடை வரை மூழ்கி, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். இறால் பகலில் சேற்றுக் குழியில் பதுங்கி இருக்கும். விரல் பட்டதும் அது துள்ளுவதற்குள் உள்ளங்கை மூடிவிட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறி எனும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பிடித்தது பறிக்குள் போகும், கை திரும்பவும் சேற்றுக்குள் இறங்கும். கெளுத்தி முள் குத்தலாம், சிப்பி காலைக் கிழிக்கலாம். வலையும் இல்லை, படகும் இல்லை. இந்த ஓடைகளின் அடித்தளத்தை இவர்களைவிட நுணுக்கமாக அறிந்தவர்கள் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இனி காட்டுக்கும் இந்தப் பறிக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். வெள்ளை இறாலும் வரி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகின்றன. வேர்களுக்கிடையே பெரிய மீன் நுழைய முடியாது, அதனால் பாதுகாப்பு. விழுந்த இலையை நண்டு கிழிக்கும், பாக்டீரியாவும் பூஞ்சையும் அதன்மேல் படியும், அந்த மக்கலை இறால் குஞ்சு தின்னும். சில மாதம் வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். எனவே மொட்டையாகக் கிடந்த நிலத்துக்குள் வாய்க்கால் போனபோது கன்றுக்கு மட்டுமல்ல, இறால் குஞ்சுக்கும் வழி திறந்தது. மீன்முள் வாய்க்காலின் ஒவ்வொரு கிளையும் குஞ்சு ஒதுங்க ஓர் இடம்.

ஆனால் வாய்க்கால் ஒரு தடவை வெட்டினால் முடிந்துபோகிற வேலை இல்லை. கன்றுகள் வேர் பிடித்து நிற்பதற்கு முன்னமே வண்டல் படிந்து தூர்ந்துவிடும். தூர் வாரவில்லை என்றால் தண்ணீர் நின்று, உப்பு ஏறி, பழைய கதை தொடங்கும். நடுகைக்குப் பணம் ஒதுக்குவது எளிது, புகைப்படமும் நன்றாக வரும். நாலு வருடம் கழித்து எந்தக் கிளை அடைத்திருக்கிறது என்று சொல்ல அங்கேயே தினமும் இறங்குகிற ஆள் வேண்டும். இருளர்களுக்குத் தூர்வாரும் கூலியும் மீன்பிடி உரிமையும் கொடுப்பதை நலத்திட்டம் என்று தனியாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது காட்டை மீட்கும் பொறியியலின் ஒரு பகுதி.

அப்புறம் வருமானம். இங்கே ஓரளவு பொருந்தி வரும் ஒன்று களிநண்டு கொழுக்க வைப்பது. நண்டு வளர ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் உடம்பில் தண்ணீரை ஏற்றிப் பெரிதாகி, புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். உள்ளே சதை நிரம்பச் சில வாரம் ஆகும். அந்த இடைவேளையில் பிடிபட்டால் பார்வைக்குப் பெரிய நண்டு, உள்ளே தண்ணீர், வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அதையே கூண்டில் போட்டு ஓடையில் இறக்கி, கழிவு மீன் கொடுத்துச் சில வாரம் வைத்திருந்தால் சதை பிடித்துவிடும், விலையும் நன்றாக ஏறும். சில வாரம் காத்திருக்கக் கையில் காசு வேண்டும் என்பதுதான் சிக்கல். அன்றாடம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டுக்கு இந்த அறிவியல் பயன்பட ஒரு சின்னக் கடன் வேண்டும். அதற்கு வங்கி கேட்கும் ஆவணங்கள் வேண்டும். பழங்குடிச் சான்றிதழுக்கே வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இவர்கள்.

வாய்க்காலால் தீராத ஒன்றும் உண்டு. இந்தக் காடு கடல் நீரையும் காவிரியின் நல்ல தண்ணீரையும் கலந்து குடித்து வளர்ந்தது. 1934ல் மேட்டூர் அணை வந்தபின், மேலே ஒவ்வொரு தடுப்பாகக் கூடக் கூட, அணைக்கரை ஊரிலுள்ள கீழணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் இறங்கும் தண்ணீர் பெரும்பாலும் வெள்ள காலத்து உபரி மட்டும்தான் என்றாகிவிட்டது. உப்பை அவ்வளவாகத் தாங்காத சுரபுன்னை மரம் பின்வாங்க, வெண்கண்டல் முன்னுக்கு வருகிறது. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று டெல்டாவிலேயே பலர் சொல்வதைக் கேட்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அந்தத் தண்ணீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது.

உரிமை விஷயத்தில் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 2006ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ)யில், மீனையும் மற்ற நீர்நிலைப் பொருட்களையும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையைச் சமூக உரிமையாகவே சொல்கிறது. கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பத்திரம், பட்டா இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. கோருகிறவர் அல்லாத மூத்தவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்து கொடுத்தால் அதுவும் சான்று என்று 2008ல் அறிவிக்கப்பட்ட விதிகளில் இருக்கிறது. எந்த ஓடையில் எந்த மாதம் இறங்கினோம், எந்தத் திட்டில் இறால் கிடைத்தது என்று ஒரு பாட்டி சொல்வதை இன்றைக்கே உட்கார்ந்து எழுதத் தொடங்கலாம்.