அலியா பெத்: சொல்லும் பொருளும்

எபிரேய மொழியில் 'அலியா' என்றால் மேலே ஏறுதல். மலைமேல் இருக்கும் எருசலேமுக்குத் திருவிழாவுக்குப் போவதை அப்படிச் சொன்னார்கள். யூதத் தொழுகைக்கூடத்தில் அவர்களின் மறைநூலான தோராவை வாசிக்க ஒருவரை மேடைக்கு அழைப்பதற்கும் இன்றுவரை அதே சொல்தான். பிற்பாடு, யூதர்கள் பாலஸ்தீனத்தில் குடியேறுவதற்கும் அது பெயரானது. 'பெத்' எபிரேய நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு தந்த அனுமதிச் சீட்டோடு வருவது முதல் வகை, 'அலெஃப்'. சீட்டில்லாமல் வருவது 'பெத்'.

இதை 'இரண்டாம் அலியா' என்று பெயர்த்துவிடக் கூடாது. அந்தப் பெயரில் வேறொரு குடியேற்றம் இருக்கிறது. 1904 முதல் 1914 வரை நடந்தது.

அனுமதி இல்லாத கப்பல்கள் 1934-இலேயே வரத் தொடங்கின. அரபு மக்களின் கிளர்ச்சிக்குப் பிறகு, 1939-இல் பிரிட்டன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை என்ற கொள்கை ஆவணம் ஐந்தாண்டுகளுக்கு 75,000 யூதர்கள் என்று வரம்பு கட்டியது. ஐரோப்பாவில் நாஜிகளிடமிருந்து தப்ப வழி தேடிய நேரத்தில் இந்தக் கதவும் இப்படிக் குறுகியது. போர் முடிந்தும் நிலைமை மாறவில்லை. உயிர் பிழைத்தவர்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி அகதி முகாம்களில் கிடந்தார்கள். ஊர் திரும்பியவர்களுக்கும் நிம்மதியில்லை: 1946 ஜூலையில் போலந்தின் கியெல்ட்சே நகரில் 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் எல்லை தாண்டி ஓடியவர்கள் பெருகினார்கள். அந்தத் தரைவழித் தப்பியோட்டத்துக்கு 'பிரிகா' என்று பெயர். இத்தாலி, பிரான்ஸ் துறைமுகங்களில் கப்பல் ஏறிய பிறகுதான் அலியா பெத்.

1945 முதல் 1948 வரை அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ 70,000 பேர் கிளம்பினார்கள். பெரும்பாலானவற்றைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்தது. பிடிபட்டவர்களை முதலில் ஹைஃபாவுக்கு அருகே அத்லித் முகாமில் வைத்தார்கள். 1946 ஆகஸ்ட் முதல் சைப்ரஸ் தீவு முகாம்களுக்கு அனுப்பினார்கள். வதைமுகாம் கண்டு மீண்டவர்களை மறுபடியும் முள்வேலிக்குள் அடைத்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் அறிந்த கப்பல் 'எக்ஸோடஸ் 1947'. முன்பு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஓடிய பழைய பயணிகள் கப்பல் அது. 1947 ஜூலையில் பிரான்சின் செத் துறைமுகத்திலிருந்து 4,500 பேருடன் புறப்பட்டது. பாலஸ்தீனக் கரைக்கு வெளியே மறிக்கப்பட்டபோது நடந்த மோதலில் மூவர் இறந்தார்கள். மற்றவர்களை மூன்று கப்பல்களில் ஏற்றிப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே மிகப் பெரும்பாலோர் இறங்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் அவர்களைக் கொண்டுபோன இடம் ஹாம்பர்க், ஜெர்மன் மண். அங்கே பலரை வலுக்கட்டாயமாக இறக்கினார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்பது பிரிட்டிஷ் கோப்புகளின் பார்வை. 'கள்ளத்தோணி' வேண்டவே வேண்டாம். இலங்கையில் அது மலையகத் தமிழரை ஏசும் வசையாகிப் பலரைக் காயப்படுத்திய சொல். பயணத்தை நடத்தியவர்கள் இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: 'ஹஅபாலா'. விவிலியத்தின் எண்ணாகமத்தில், போகாதே என்று தடுத்தும் இஸ்ரவேலர் மலையுச்சிக்கு ஏறத் துணிகிறார்கள். அந்தத் துணிவைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது இது. விவிலியத்தில் அந்த ஏற்றம் தோல்வியில் முடிகிறது. ஆனாலும் இவர்கள் அதைப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள்.

அதனால் ஹஅபாலாவுக்குத் 'துணிந்தேற்றம்' பொருந்தும். ஆனால் 'ஏற்றம்' என்பதே குடியேறுபவரின் கண்ணோட்டம். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பாலஸ்தீன அரபு மக்களுக்கு அது ஏற்றமாகத் தெரிந்திருக்காது. ஆகவே வரலாற்று எழுத்தில் அலியா பெத்துக்குத் 'தடைமீறிய குடியேற்றம்' என்று எழுதுவதே சரி என்பேன். கடல்வழியை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'தடைமீறிய கடற்பயணம்'. முதல்முறை வரும்போது எபிரேயப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.