முகாரி என்றால் அழ வேண்டுமா?

போன சனிக்கிழமை கல்லடியில் என் சங்கீத வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, முகாரி ராகத்தில் தியாகராஜர் செய்த தெலுங்குக் கிருதி ‘எந்தனினே வர்ணிந்துனு’ பாடியது. பல்லவி முடியுமுன்னே குரல் தழுதழுக்கத் தொடங்கிவிட்டது. புருவம் சுருங்கி, வரியை மாற்றிப் பாடும் ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு விசும்பல். “ஏன் மகள் அழுறீங்க?” என்றேன். “முகாரி தானே டீச்சர்!” என்றது. இந்த வருடம் இப்படி வந்த நாலாவது பிள்ளை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துவிட்டேன், எழுதியே விடுகிறேன்.

யாராவது புலம்பினால் ‘முகாரி பாடாதே’ என்கிறோம். அந்தப் பேச்சுத்தான் ராகத்தின் தலையில் விழுந்திருக்கிறது. தியாகராஜர் அந்தக் கிருதியில் என்ன சொல்கிறார்? சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்கிறார். முனிபத்தினிகள் உலகம் நிறைய இருக்க, கண்ணாரக் கண்டு, இனிய பழம் கொடுத்து, மெய்சிலிர்த்து ராமன் காலில் விழும் பேறு இவளுக்கல்லவா கிடைத்தது! இதில் எங்கே ஒப்பாரி? வியப்பும் நெகிழ்ச்சியும்தான். கண்ணில் நீர் வந்தாலும் அது வேறு நீர்.

அதே முகாரியில்தான் தியாகராஜரின் ‘காருபாரு’ கிருதியும். அயோத்தியில் உன்னைப்போல் ஆட்சி நடத்துகிறவர் யார் என்று ராமனைக் கேட்கும் பாட்டு. சரணத்தில் மாதம் மும்மாரி பெய்கிறது, மக்கள் வித்தை கற்று நீண்ட ஆயுளோடு வாழ்கிறார்கள். போன வருடம் ஒரு தாய், “அது வீட்டுக்கு ஆகாத ராகம் டீச்சர், அரங்கேற்றத்தில வேணாம்” என்று இந்தப் பாட்டைத்தான் விட்டுவிடச் சொன்னார். அம்பாறைப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். மழையைப் பாடும் பாட்டையா வேண்டாம் என்பது?

முகாரியில் சோகம் வராது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே வரும். ஆனால் அதைச் சாகித்தியம், அதாவது பாட்டின் சொல்லும் பொருளும், கேட்கவேண்டும்.

இன்னொன்று, பாடுகிறவர்களுக்கு. விசும்பல் கமகமாகாது; கமகம் என்பது ஸ்வரத்தை அளவோடு அசைப்பது. ‘த’ என்கிற தைவத ஸ்வரம் முகாரியில் இரண்டு: ஏறும்போது சற்று மேலான சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது அதற்குக் கீழான சுத்த தைவதம்; முகாரியின் முகமே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. குரலை நடுங்கவிட்டால் இரண்டு தைவதமும் குழம்பிப்போகும், சுருதியும் கீழே வழுகும். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு ‘ஸ நி த ப’வை மட்டும் விளம்பத்தில், மெதுவாக, இருபது தரம் பாடிப் பாருங்கள், தெரியும்.

பெற்றோரே, ராகத்தின் பெயரைக் கேட்டதும் பாட்டை மாற்றச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பிள்ளைகளே, தெலுங்கைத் தமிழில் எழுதிப் பாடமாக்கினால் போதாது, அதற்குக் கீழே பொருளும் இருக்கவேண்டும். அது இல்லாத கொப்பியை இனி நான் திறக்கமாட்டேன். டீச்சர்மாரே, பொருள் சொல்ல நேரமில்லை என்றால் அந்தக் கிருதியை அடுத்த தவணைக்குத் தள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சரணத்தின் பொருளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப சிரிச்சிக்கொண்டு பாடவா டீச்சர்?” என்று கேட்டது. அதுவும் வேண்டாம் மகள்!