எண்ணெயைக் குறைத்தும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

“எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம்தான். சீனியை நிறுத்திவிட்டு தினமும் நான்கு வேளை கருப்பட்டிக் காப்பி. அப்படியும் ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறதே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிரான்சில் வாத்துக் கல்லீரலைக் கொழுக்க வைத்து விற்கும் பண்ணைகள் உண்டு. அங்கே வாத்துக்குத் திணிப்பது எண்ணெயோ நெய்யோ அல்ல, பெரும்பாலும் மக்காச்சோளம். பழைய ரோமானியர்கள் அத்திப்பழம் கொடுத்தார்கள். கல்லீரலுக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘ஃபுவா’வே அத்தியின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். மாவும் இனிப்பும் கிடைத்தால் போதும், கொழுப்பைக் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்ளும்.

சோறு செரித்தால் குளுக்கோஸ். உடம்பு செலவழித்தது போக, ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அந்தக் கிடங்கு சுமார் 100 கிராம்தான் கொள்ளும். நிரம்பி வழிந்தால் கொழுப்பு. இதெல்லாம் பள்ளிப் பாடம்.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காதது, பழத்திலும் சீனியிலும் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையின் கதை. கல்லீரல் செல்லுக்குள் குளுக்கோஸ் உடையும் வழியில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற என்சைம் காவல் நிற்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி போதுமான அளவு இருந்தால் அது கதவைச் சாத்திவிடும். ஃபிரக்டோஸ் அந்த வாசல் பக்கமே வராது. ஃபிரக்டோகைனேஸ் என்ற வேறொரு என்சைம் அதைப் பிடித்து, காவலுக்கு அப்பால் கொண்டுபோய் இறக்குகிறது. இதற்குப் ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. ஏடிபி கரைந்து யூரிக் அமிலம் ஏறும் அளவுக்குக்கூட வேலை செய்துகொண்டே இருக்கும். அதோடு, கொழுப்பு தயாரிக்கும் என்சைம்களின் உற்பத்தியையும் ஃபிரக்டோஸ் முடுக்கிவிடுகிறது.

சீனி என்பது சுக்ரோஸ், அதில் பாதி ஃபிரக்டோஸ். கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். தேனிலும் ஃபிரக்டோஸ் நிறைய. ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையில் நல்ல மனிதர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. கொய்யாவைக் கடித்துத் தின்றால் நார் இருப்பதால் ஃபிரக்டோஸ் மெதுவாக, கொஞ்சமாக வந்து சேரும். ஜூஸில் அந்த நிதானம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கல்லீரலில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து, ‘கொழுப்பை வெளியே விடாதே’ என்னும் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ஒழுகி வருவது. அதனால்தான் எடை குறைந்தால் கல்லீரலும் தேறுகிறது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். கொழுப்பால் கல்லீரலில் வரும் வீக்கமும் தணிய 6 முதல் 8 கிலோ குறைய வேண்டியிருக்கும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் பார்க்காதீர்கள், அது கல்லீரலுக்கே சுமை.

சரி, வாசகருக்கு வருகிறேன். ஐந்து இட்லியை மூன்றாக்கி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சோற்றைக் குறைத்து கீரையும் கூட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பியை விட வேண்டாம், அது கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. கருப்பட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம், கிரேடு 1, லேசானதுதானே என்று இருந்துவிடாமல், கல்லீரலில் தழும்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் தேவையா என டாக்டரிடம் கேளுங்கள்.