ராத்திரி பன்னிரண்டே முக்கால் ஃபிளைட் என்றால் எந்த ராத்திரி?

போன வாரமும் ஒருவர். பேரளம் பக்கம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு 15-ஆம் தேதி 00:45 டிக்கெட். மனிதர் 15-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு, வழியனுப்ப ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு ஏர்போர்ட்டில் போய் நிற்கிறார். அன்று காலை அவர் காப்பி குடிப்பதற்கு முன்பே அந்த விமானம் சிங்கப்பூரில் இறங்கிவிட்டது.

மன்னார்குடியில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவன் நான். எத்தனை முறைதான் சொல்வது? நமக்குப் பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும். அதனால் ஞாயிறு ராத்திரி படுத்து, நடுவில் எழுந்தாலும் நமக்கு அது ஞாயிறு ராத்திரிதான். விமானக் கம்பெனிக்கு அப்படியில்லை. 12 அடித்ததும் திங்கள். 15-ஆம் தேதி 00:45 என்றால், 14-ஆம் தேதி சாயங்காலமே பெட்டியைக் கட்டி, அன்று ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 14. பதினாலு. காலண்டரில் அந்தத் தேதியைத்தான் வட்டம் போட வேண்டும்.

அடுத்த சண்டை நேரக் கணக்கில். திருச்சி–சிங்கப்பூர் ஆகாய வழியில் சுமார் 3,000 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். டிக்கெட்டில் 00:45 ஏறி 07:15 இறங்குவதாக இருக்கும். கழித்துப் பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரமா? சுத்திப் போற ஃபிளைட்டப் போட்டுட்டீங்களே" என்பார்கள். திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரம்தான் காட்டும். அப்போது மட்டும் யாரும் கேட்பதில்லை! அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் டிக்கெட்டில் அச்சாகும். சிங்கப்பூர், மலேசியா நமக்கு இரண்டரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். இலங்கைக்கு வித்தியாசமே கிடையாது.

"சென்னைக்கு ஒரு மணி நேரம்தானே" என்பதும் அப்படித்தான். திருச்சியிலிருந்து பறக்க ஒரு மணி நேரம், சரி. திருவாரூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டே நூறு கிலோமீட்டருக்கு மேல், நாகை இன்னும் தூரம். அங்கே போய்க் காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்தில் பெட்டிக்காக நின்று, ஊருக்குள் போய்ச் சேர அரை நாள் ஓடிவிடும். மன்னார்குடிக்காரர்கள் பேசாமல் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுங்கள், விடிந்தால் எழும்பூர். எனக்குக் கமிஷன் போனால் போகட்டும்.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். மூடினால் மூடியதுதான், எந்தச் சிபாரிசும் எடுபடாது. மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். முகூர்த்த நாள் என்றால் ரோட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் தஞ்சாவூர் பக்கம் இருக்கிற புன்னைநல்லூர் மாரியம்மனை முதல் நாளே கும்பிட்டுவிடுங்கள், தயவுசெய்து. போகும்போது விமானத்தை விட்டால், அதே டிக்கெட்டில் போட்ட திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

கார் டிரைவரிடம் ஃபிளைட் நேரத்தைச் சொல்லாதீர்கள், அவரும் நம்மைப்போலத்தான் கணக்குப் போடுவார். "14-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் வண்டி நிற்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள்.