கூட வந்தவர் நேற்று இரவு தூங்கினாரா?

முதியோர் மனநலப் புறநோயாளிப் பிரிவில் என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்றில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர் அமர்வார். மற்றொன்றில் அமர்பவருக்கு எங்கள் கோப்பில் பெரும்பாலும் பெயர்கூட இருப்பதில்லை. ‘உடன் வந்தவர்: மருமகள்’ என்று உறவுமுறை மட்டும் எழுதப்பட்டிருக்கும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அந்த இரண்டாவது நாற்காலியைத் தகவல் பெறும் இடமாகத்தான் நினைத்திருந்தேன். பெரியவர் சாப்பிடுகிறாரா, கழிப்பறைக்குத் தானாகப் போகிறாரா, வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறாரா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுப்பேன். மனைவியைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை கேட்கிறாள் சார்” என்றபோது, “கொஞ்சம் பொறுமையாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அதன்பின் ஐந்து மாதம் அவர் வரவில்லை. அவரிடம் இல்லாமல் போனது பொறுமை அல்ல, தூக்கம் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே, குடும்பத்தினரின் கையிலேயே இருக்கிறார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கான பராமரிப்பு நேரத்தில் சுமார் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் வீடுகளில் மகள், மருமகள், மனைவி என்று பிரித்தால் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பராமரிப்பவரின் மன நெருக்கடியை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் அடிப்படையே ‘சுமை’ என்ற சொல்தான். தமிழில் கேட்கும்போது அங்கேதான் சிக்கல் எழுகிறது. “பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா?” என்று கேட்டால், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருப்பவரும், “எங்கம்மா எனக்குச் சுமையா டாக்டர்?” என்று பதறிப்போவார். பெற்றவளைச் சுமை என்று ஒப்புக்கொள்வதே பாவம் என எண்ணும் ஒருவரிடம் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது. அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை எழுந்தீர்கள்?” என்று கேட்கிறேன். தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் குற்ற உணர்வு இல்லை. பேசத் தொடங்கியபின் மற்றவை தாமாக வரும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைக் கடந்த மருமகள். மாமியாருக்கு எண்பதை ஒட்டிய வயது. கைப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘8.10 இட்லி 3, காபி. 11.00 மோர். 1.15 சாதம், கீரை, ரசம்’ என்று நாள் தவறாமல் எழுதியிருந்தார். எனக்காகத்தான் இவ்வளவு கவனமாகக் குறித்திருக்கிறார் என்று மகிழ்ந்துபோனேன். அவரோ, “இது உங்களுக்கு இல்லைங்க, நாத்தனாருக்கு. பார்க்க வர்றவங்க எல்லார்கிட்டயும் ‘காலையிலிருந்து இவ எனக்குச் சோறே போடலை’ன்னு சொல்றாங்க” என்றார். போதாக்குறைக்கு, மாமியாரின் வளையல்களை மருமகள் திருடிவிட்டதாகத் தெருவுக்கே தெரிந்திருந்தது. அந்த வளையல்கள் இருந்த இடம் அரிசி டப்பா.

இந்தத் திருட்டுப் பழி மறதிநோயில் மிகவும் சாதாரணமாகக் காணப்படும் அறிகுறி. பொருளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற பழைய எச்சரிக்கை உணர்வு மூளையில் மிஞ்சியிருக்கிறது. பத்திரப்படுத்திய செய்கை மட்டும் நினைவில் பதிவதில்லை. வைத்த இடத்தில் பொருள் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று அந்த மனம் முடிவு கட்டுகிறது. பழி எப்போதும் அருகிலேயே இருப்பவர் மேல்தான் விழுகிறது. ஆகவே அதிகம் பழிக்கப்படுபவர், அதிகம் கவனித்துக்கொள்பவராகவே பெரும்பாலும் இருப்பார். மறுத்து வாதாடுவதில் பயனில்லை. “வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்து கூடப்போவதும், வழக்கமான ஒளிவிடங்களைத் தெரிந்துவைத்திருப்பதும், பீரோ சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி செய்துவைப்பதும் ஓரளவு உதவும்.

பழியைவிட அந்த மருமகளை அதிகம் உடைத்தது கைபேசி. ஞாயிறுதோறும் வெளியூரிலிருந்து நாத்தனார் வீடியோவில் அழைப்பார். அந்தப் பத்து நிமிடமும் மாமியார் மலர்ந்த முகத்தோடு பேரப்பிள்ளைகளை விசாரித்து, மழை பெய்ததா என்று கேட்டு, அழகாகப் பேசுவார். “அம்மா நல்லாத்தானே பேசறாங்க, அண்ணி ஏன் இப்படிப் பெரிசு பண்றாங்க?” என்று கேள்வி வரும். நாத்தனாரைக் குறை சொல்வதற்கில்லை. அண்மை நினைவு அழிந்த பிறகும் நலம் விசாரிக்கும் பேச்சுப் பழக்கம் நெடுநாள் நீடிக்கும். பத்து நிமிடத்துக்கு அது போதும். மீதி 23 மணி 50 நிமிடத்தைப் பார்க்கும் சாட்சி யாரும் இல்லை. அதற்காகத்தான் அந்த நோட்டு.

நான் அதில் உணவைப் படிக்கவில்லை, நேரத்தைப் படித்தேன். ‘2.15 எழுந்தார்கள். 3.40 வாசல் கதவு. 4.30 துணி மாற்றினேன்.’ மூன்று வாரமாக ஒரே இரவில் தொடர்ந்து மூன்று மணி நேரம் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. அவருக்கு இருந்த எரிச்சல், தலைபாரம், சமையலறையில் காரணமின்றி வரும் அழுகை, இரத்த அழுத்த மாத்திரையைத் தான் விழுங்க மறப்பது எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கங்களில் விடை இருந்தது.

இரவு விழிப்பு என்றதும் தூக்க மாத்திரையைக் கேட்பது இயல்பு. ஆனால் முதியவர்களை அது தள்ளாட வைத்து, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் அளவுக்குக் கொண்டுபோகலாம். திடீரென்று இரவுகள் மோசமானால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பகலில் உறங்கவிடாமல் வெயில்படும் இடத்தில் உட்கார வைப்பது, மாலைக்குப்பின் காபியை நிறுத்துவது, கழிப்பறைக்கு வழிகாட்ட ஒரு சிறு விளக்கு ஆகியவை எளிய வழிகள். எல்லாம் செய்தும் சில இரவுகள் போகத்தான் போகும். அவற்றை ஒருவரே சுமக்கக் கூடாது.

தூக்கத்தைப் பற்றிப் பேசியபின், மூன்றாவது சந்திப்பில், “ஒருநாள் கையை ஓங்கிட்டேன்” என்று தலைகுனிந்து சொல்கிறவர்கள் உண்டு. நான் அதிர்ச்சி காட்டுவதில்லை. அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் இல்லை. கை ஓங்கும் நிலை வந்தால், பெரியவர் இருக்கும் இடம் ஆபத்தில்லாதது என்று உறுதிசெய்துகொண்டு அடுத்த அறைக்குப் போய்விடச் சொல்கிறேன். அந்த வாரமே இன்னொருவர் பொறுப்பேற்க ஏற்பாடு செய்கிறேன். “எப்போது முடியும்” என்று மனம் கேட்பதையும், முடிந்தபின் வரும் நிம்மதிக்காகக் கூசிப்போவதையும் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆள் கண்ணெதிரே இருக்க, அவருடைய ஆளுமை மட்டும் கரைந்துபோவதை அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். சாவுக்குச் சடங்கு உண்டு, துக்கம் விசாரிக்க ஆள் வரும்; இந்த இழப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, படுக்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமை ஆகியவை நீடித்தால் அது வெறும் களைப்பல்ல, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். “இரண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்” என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் கட்டணமின்றி இரவிலும் தமிழில் பேசலாம். வாழ்க்கைத்துணையைக் கவனித்து அதனால் மன அழுத்தத்துக்கும் உள்ளான முதியவர்களிடம், நான்கு ஆண்டுகளில் இறப்பு வாய்ப்பு 63 விழுக்காடு கூடியிருந்ததாக 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இதற்குத் தீர்வில்லாமல் இல்லை. லண்டனில் குடும்பத்தினருக்கு எட்டு அமர்வுகளாகச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுத்தந்தபோது மனச்சோர்வு குறைந்ததும், அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நீடித்ததும் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் பகல்நேரக் காப்பகங்கள் பெருநகரங்களைத் தாண்டினால் அரிது. எனவே எங்கள் சிகிச்சையில் பாதி, குடும்பத்தைக் கூட்டிவைத்து யாருக்கு எந்த இரவு என்று பேசுவதிலேயே போகிறது.

அந்த மருமகளுக்கும் அப்படித்தான் செய்தோம். வாரத்தில் இரண்டு இரவுகள் கணவருடையவை ஆயின. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினோம். கோடை விடுமுறையில் பத்து நாட்களுக்கு நாத்தனார் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். மூன்றாம் நாள் இரவு அங்கிருந்து போன் வந்ததாம். “அண்ணி, என் பர்ஸைக் காணோம்னு தேடினா, அம்மா அதை எடுத்துத் தலையணைக்குள்ளே வெச்சிருக்காங்க. கேட்டா என்னையே திருடின்னு சொல்றாங்க.” அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பத்து நாட்களில் வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதல் இரண்டு நாளும் தூங்கினேன், மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் 2.15-க்கு விழித்துக்கொண்டு, அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன் என்றார்.